ஜெர்மன்காரர்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே வருகிறது, ஆனால் எங்கே பேசுகிறார்கள்?

நெக்கர்க்கரை (ஸ்டுட்கார்ட்)

வணக்கம். நான் ஸ்டுட்கார்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது. மென்பொருள் வேலை. கிளம்பும் முன் ஊரில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "அங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும், கவலைப்படாதே." பொய்யில்லை. ஆனால் வந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

எங்கள் குழுவில் பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் ஜெர்மானியர்கள். காலைக் கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். சிக்கலான பிழையைக்கூட நிதானமாக, தெளிவாக விளக்குவார்கள். கூட்டம் முடிந்து காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றதும் பேச்சு ஜெர்மனுக்கு மாறிவிடும். நான் போய் நின்றால் ஆங்கிலத்துக்குத் திரும்புவார்கள், ஆனால் பேச்சின் சூடு குறைந்துவிடும்.

இன்னொன்று. எங்கள் தெருமுனை ரொட்டிக்கடை அம்மாவிடம் "ஆங்கிலம் பேசுவீர்களா?" என்று கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டக் கொண்டுவந்து "கொஞ்சூண்டு" என்று காட்டினார். அப்புறம் எந்த ரொட்டி ரை தானிய மாவு, எது கோதுமை, எது மூன்று நாள் தாங்கும் என்று ஆங்கிலத்திலேயே விளக்கினார். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

இவர்கள் ஆங்கிலத்தை எப்படிக் கற்கிறார்கள்? இவ்வளவு தெரிந்தும் ஏன் தெரியாது என்கிறார்கள்? பிள்ளைகளை இங்கே பள்ளியில் படிக்க வைத்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ரூர்வாசி (டோர்ட்முண்ட்)

தம்பி, நான் 1986இல் இங்கு வந்தேன். மூன்று பிள்ளைகளும் இங்கேதான் பிறந்து படித்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. எங்கள் மாநிலமான நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் 2003இல் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தைத் தொடங்கினார்கள். 2008இல் அதை முதலாம் வகுப்புக்கே இறக்கினார்கள். பிறகு, முதலில் பிள்ளைகள் ஜெர்மன் எழுத்தும் வாசிப்பும் ஒழுங்காகப் பழகட்டும் என்று 2021இல் திரும்பவும் மூன்றாம் வகுப்புக்கே கொண்டுபோனார்கள். பிரெஞ்சு எல்லையில் இருக்கும் சார்லாந்தில் சிறுபிள்ளைகளுக்கு முதலில் பிரெஞ்சு. இப்படி ஊருக்கு ஊர் மாறும்.

ஆனால் உண்மையான ஆங்கிலப் படிப்பு ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்கும். 1964இல் மாநிலங்கள் ஹாம்பர்க்கில் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதற்குப் பிறகுதான் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் போன ஹாப்ட்ஷூலே என்ற பள்ளி வகைக்கும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு அந்நிய மொழி, பெரும்பாலும் ஆங்கிலம், கட்டாயமானது. அதற்கு முன்னர் படித்த எத்தனையோ பேருக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை. இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் பக்கத்து வீட்டுக்காரர் ஆங்கிலம் தெரியாது என்று சொன்னால் அது தயக்கம் இல்லை, உண்மையாகவே தெரியாது.

என் மூத்தவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன கிழமை ஒரு சின்னக் கொப்பி வாங்கச் சொன்னார்கள். வொக்காபெல்ஹெஃப்ட் என்று பெயர். பக்கத்தின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஜெர்மன் சொல். அடிக்கடி அதிலிருந்து சோதனை வைப்பார்கள். இரவில் குசினி மேசையில் நான் வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேட்பேன், அவள் சொல்லுவாள். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் எனக்குக் கைகொடுத்தது. ஜெர்மன் பக்கம்தான் எனக்குப் புதிது. உண்மையைச் சொன்னால் அவளுடைய ஆங்கிலக் கொப்பியில்தான் நான் ஜெர்மன் படித்தேன்.

ஏன் கூச்சம் என்று கேட்டீர்களே. பரீட்சைத் தாள் திரும்பி வரும்போது ஓரத்தில் சிவப்பு மையில் எழுத்துப் பிழைக்கு ஓர் அடையாளம், இலக்கணப் பிழைக்கு ஓர் அடையாளம், சொல் பிழைக்கு ஓர் அடையாளம். கீழே 1 முதல் 6 வரை புள்ளி, ஒன்றுதான் ஆகச் சிறந்தது. பெற்றோர் கையெழுத்தும் வைக்க வேண்டும். ஏழெட்டு வருடம் இப்படிப் படித்தவருக்கு வாயைத் திறக்கும் முன் அந்தச் சிவப்பு மை ஞாபகம் வரத்தானே செய்யும்? இப்போது வகுப்பில் கதைப்பதற்கும் நல்ல பங்கு புள்ளி கொடுக்கிறார்கள். என் கடைசி மகன் அப்படிப் படித்தவன். அவனும் அவனுடைய கூட்டாளிகளும் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் ஆங்கிலம் கதைப்பார்கள்.

மழைக்காலம் (ஐந்தோவன்)

எல்லைக்கு இந்தப் பக்கம் நெதர்லாந்திலிருந்து எழுதுகிறேன். நான் முதலில் ஜெர்மனியில், ஆஹன் நகரில் நான்கு வருடம் இருந்தவன். எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம் தொலைக்காட்சிதான். இங்கே ஆங்கிலப் படம் ஆங்கிலத்திலேயே ஓடும், கீழே டச்சு எழுத்து. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் டப்பிங். அதுவும் ஏனோதானோ டப்பிங் இல்லை, தனிக்கலையாக வளர்த்திருக்கிறார்கள். ராபர்ட் டி நீரோவுக்குப் பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுப்பவர் கிறிஸ்டியான் ப்ரூக்னர். ஜெர்மானியர்களுக்கு டி நீரோவின் குரல் என்றால் அது ப்ரூக்னரின் குரல்தான்.

2012இல் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த கணக்கெடுப்பில், ஆங்கிலத்தில் உரையாட முடியும் என்று சொன்னவர்கள் நெதர்லாந்தில் 90 சதவீதம், ஜெர்மனியில் 56 சதவீதம். மொழிக் குடும்பம் ஒன்று, பள்ளியிலும் இரண்டு நாட்டுக்காரர்களும்தான் படிக்கிறார்கள். டப்பிங்தான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், நாட்டின் அளவும் ஒரு காரணம். எட்டுக் கோடிக்கு மேல் மக்கள், எல்லாமே தன் மொழியில் கிடைக்கிறது, அப்புறம் ஆங்கிலத்தைத் தேடிப் போக வேண்டிய தேவை வராது. இப்போது இளையவர்கள் தொடர்களை மூல மொழியிலேயே பார்க்கிறார்கள், அதனால் நிலைமை மாறிக்கொண்டு வருகிறது.

எல்பே காற்று (ஹாம்பர்க்)

மழைக்காலம் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1963இல் எங்கள் ஊர் தொலைக்காட்சி நிலையம் பதிவு செய்த ஓர் ஆங்கிலச் சிறு நாடகம், "டின்னர் ஃபார் ஒன்". ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31 மாலை ஒளிபரப்புவார்கள். டப்பிங் கிடையாது. தொடக்கத்தில் ஒருவர் வந்து ஜெர்மனில் கதையைச் சொல்லிவிட்டுப் போவார், மீதி முழுக்க ஆங்கிலம். தொண்ணூறு வயது மூதாட்டியின் விருந்து மேசையில், இறந்துபோன நான்கு நண்பர்களுக்கும் சேர்த்து வேலைக்காரரே குடித்துத் தள்ளாடுவார். "போன வருடம் போல அதே முறைதானே?" என்று அவர் கேட்கும் அந்த ஆங்கில வரியை இங்கே ஆறு வயதுப் பிள்ளையும் சொல்லும், எண்பது வயதுப் பாட்டியும் சொல்லுவார். வேறு ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட அதை உச்சரிக்கும்போது முகம் மலர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். வடக்கே பழைய ஆட்கள் பேசும் பிளாட்ட்யூட்ஷ் ஆங்கிலத்துக்கு மிக நெருக்கம். தண்ணீர், செய்வது, கப்பல், சாப்பிடுவது: நிலையான ஜெர்மனில் வாஸர், மாஹன், ஷிஃப், எஸ்ஸன். பிளாட்டில் வாட்டர், மாக்கன், ஷிப், ஏட்டன். என் மாமனார் பிளாட் பேசி வளர்ந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல்காரர்களிடம் ஆங்கிலம் பேச அவர் பாடம் படித்ததில்லை, காது பிடித்துக்கொண்டது என்பார்.

லைப்சிக் லதா

எல்லோரும் மேற்கு ஜெர்மனிக் கதையையே சொல்கிறீர்கள், கிழக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் இருந்த காலத்தில் இங்கே ஐந்தாம் வகுப்பிலிருந்து ரஷ்ய மொழி கட்டாயம். ஆங்கிலமோ பிரெஞ்சோ ஏழாம் வகுப்பில் இரண்டாவது மொழியாக எடுக்கலாம், அதுவும் விருப்பப் பாடம். எடுத்தாலும் எந்த வெள்ளைக்காரரிடம் போய்ப் பேசுவது? இங்கிலாந்துக்குப் போக வழியில்லை. மேற்கில் அப்படியில்லை. பவேரியாவிலும் ஹெஸ்ஸனிலும் அமெரிக்கப் படை, ரூர் பக்கமும் ஹாம்பர்க்கிலும் பிரிட்டிஷ் படை. படைவீரர்களுக்கென்று நடந்த ஆங்கில வானொலியை ஊர்ப் பிள்ளைகளும் பாட்டுக்காகக் கேட்டு வளர்ந்தார்கள்.

அங்கேலா மெர்க்கல் பள்ளிக் காலத்தில் ரஷ்ய மொழி ஒலிம்பியாட் வென்றவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் கிழக்கில் வளர்ந்தவர்தான். என் மேல்மாடியில் இருக்கும் அம்மாவுக்கு 71 வயது. புஷ்கின் கவிதையை இன்றைக்கும் ரஷ்ய மொழியில் மனப்பாடமாகச் சொல்லுவார். ஆங்கிலம் ஒரு சொல் கிடையாது. அந்தத் தலைமுறையைப் பார்த்து "இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை" என்று சிலர் இளக்காரமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அவர்களும் ஒரு அந்நிய மொழியைப் பாடுபட்டுக் கற்றவர்கள்தான். 1990க்குப் பிறகு வேலைச் சந்தை அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சொல்தேடி (பெர்லின்)

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால் எனக்குச் சொற்கள் மேல் கண். அன்றாட ஜெர்மனுக்குள் எவ்வளவு ஆங்கிலம் கலந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே!

ஆனால் உள்ளே வந்த சொல் ஜெர்மன் வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். கைபேசிக்கு இங்கே பெயர் 'ஹாண்டி'. இங்கிலாந்தில் போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது. சுவரில் படம் காட்டும் கருவி 'பீமர்'. பழைய கார் 'ஓல்ட்டைமர்'. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது 'ஹோம் ஆஃபிஸ்', லண்டனில் அது உள்துறை அமைச்சகம். அலுவலகத்தில் ஒருவரைக் கூட்டாகச் சேர்ந்து வதைப்பது 'மோபிங்'.

இலக்கணமும் அப்படித்தான். வினைச்சொல் வந்தால் இறந்தகால வடிவில் முன்னால் 'கெ' சேரும்: செக், சில், கூகுள் எல்லாம் கெசெக்ட், கெசில்ட், கெகூகெல்ட் ஆகிவிடும். பெயர்ச்சொல் வந்தால் ஆணா பெண்ணா இரண்டுமற்றதா என்று பால் ஒதுக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆண்பால், மீட்டிங் இரண்டுமற்றது. மின்னஞ்சல் வடக்கில் பெண்பால், தெற்கில் போனால் இரண்டுமற்றதாகவும் கேட்கலாம். பன்மைக்குக்கூட ஆங்கில எழுத்து விதி செல்லாது. ஹாண்டி, பேபி, ஹாபி எல்லாவற்றுக்கும் கடைசி எழுத்தை மாற்றாமல் வெறும் எஸ் ஒட்டுவதுதான் சரி. என்னிடம் பாடம் படிக்கும் பிள்ளைகள் ஜெர்மன் தேர்வில் ஆங்கில முறையில் எழுதிவிட்டுப் புள்ளி இழப்பதுண்டு.

இளையவர்களிடம் இன்னும் வேகம். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் 'இளைஞர் சொல்' 2020இல் 'லாஸ்ட்' (திக்குத் தெரியாமல் தொலைந்தவர்), 2021இல் 'கிரிஞ்ச்'.

இதை எதிர்ப்பவர்களும் உண்டு. ஜெர்மன் மொழிச் சங்கம் ஒன்று 1997இல் டோர்ட்முண்டில் தொடங்கப்பட்டது. 2010இல் போக்குவரத்து அமைச்சர் ராம்சாவர் தன் அமைச்சகத்தில் ஆங்கிலச் சொற்களைக் குறைக்கச் சொன்னார். 'டிக்கெட்' வேண்டாம், 'ஃபார்ஷைன்' போதும் என்றார். ரயில்வேயும் 'சர்வீஸ் பாயிண்ட்' போன்ற பெயர்களைக் கைவிடுவதாகச் சொன்னது. இது அவர்களுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அஞ்சல் துறைத் தலைவர் ஹைன்ரிஷ் ஃபோன் ஸ்டெஃபான் நூற்றுக்கணக்கான பிரெஞ்சுச் சொற்களை நீக்கினார். இன்று பதிவுத் தபாலுக்கு எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் 'ஐன்ஷ்ரைபன்' அவர் காலத்தில் புகுந்ததுதான். மறைமலையடிகள் மரபில் வந்த நமக்கு இந்த உணர்வு விளங்காததா என்ன? பேருந்தும் மிதிவண்டியும் பழகவில்லையா?

விளம்பரத்தில் ஒரு காலத்தில் ஆங்கிலம் தலைவிரித்து ஆடியது. ஒரு வாசனைத் திரவியக் கடைத் தொடர் "உள்ளே வாருங்கள், கண்டுபிடியுங்கள்" என்ற பொருளில் ஆங்கில வாசகம் வைத்திருந்தது. 2003இல் கொலோனில் ஒரு நிறுவனம் மக்களிடம் கேட்டுப் பார்த்தபோது, பலர் அதை "உள்ளே வந்து வெளியே போகும் வழியைக் கண்டுபிடியுங்கள்" என்று புரிந்துகொண்டிருந்தார்கள். பிறகு பல கடைகள் ஜெர்மன் வாசகத்துக்கே திரும்பின. ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துவது வேறு, ஆங்கிலம் தெரிவது வேறு.

நெக்கர்க்கரை (ஸ்டுட்கார்ட்)

எல்லோருக்கும் நன்றி. சொல்தேடி எழுதியதைப் படித்ததும் ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. வந்த இரண்டாவது மாதம் மூத்த சக ஊழியர் ஒருவர் எனக்கு ஆங்கிலத்தில் எழுதினார்: "வியாழக்கிழமை கூட்டத்துக்கு யூ மஸ்ட் நாட் கம்." வரவே கூடாது என்கிறாரே, நான் என்ன தப்புச் செய்தேன் என்று இரண்டு நாள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஜெர்மன் வகுப்பில் 'முஸ் நிஹ்ட்' என்றால் 'வர வேண்டிய அவசியமில்லை' என்று படித்த அன்றுதான் விளங்கியது. அவர் என் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்த்திருக்கிறார்.

அழைப்பு நேரம் (சென்னை)

நான் ஜெர்மனிக்கு வந்ததே இல்லை, ஆனால் ஒன்பது வருடமாக ம்யூனிக் வாடிக்கையாளர்களுடன் தினமும் தொலைபேசியில் வேலை. 'மஸ்ட் நாட்' எங்களுக்கும் நடந்திருக்கிறது. இதைவிட மோசம் 'ஹாஃப் த்ரீ'. அங்கிருப்பவர் "நாளை எங்கள் நேரம் ஹாஃப் த்ரீ" என்றார். எங்கள் மேலாளர் இங்கிலாந்தில் இருந்தவர், மூன்றரை என்று குறித்துக்கொண்டார். ஜெர்மனில் 'ஹால்ப் ட்ரை' என்றால் மூன்றை நோக்கிப் பாதி, அதாவது இரண்டரை. ஒரு மணி நேரம் அவர்கள் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து நேரத்தை எண்ணில்தான் எழுதுகிறோம்.

'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள், வெள்ளி வரை செய்துகொண்டிருப்பது அல்ல. "நான் இங்கே பத்து வருடமாக இருக்கிறேன்" என்பதை அவர்கள் நிகழ்காலத்திலேயே சொல்வார்கள். ஆங்கில வாத்தியார் திருத்துவார், ஆனால் தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்? எனக்கு அந்த வாக்கியம் கேட்கும்போதெல்லாம் ஒட்டுதலாக இருக்கும். பொதுவாக அவர்கள் ஆங்கிலத்தில் சுற்றிவளைப்பு இருக்காது. "இது தவறு" என்றால் இது தவறு, அவ்வளவே. முதலில் சுருக்கென்று இருக்கும். பழகிவிட்டால் அதைப்போல நிம்மதி வேறில்லை.

வெள்ளை உடுப்பு (ரேகன்ஸ்பர்க்)

மருத்துவமனையில் செவிலியர் வேலை செய்கிறேன். ஐடி துறையினர் சொல்லும் ஜெர்மனி வேறு, எங்களுடையது வேறு. எங்கள் பிரிவில் மருத்துவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், ஆய்வுக் கட்டுரை எல்லாம் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். ஆனால் என்னிடம் ஒரு நாளும் பேசமாட்டார்கள், பேசக்கூடாது என்றும் நினைக்கிறேன். இரவு மூன்று மணிக்கு எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் பவேரியப் பேச்சுவழக்கில் "நெஞ்சு இறுக்குகிறது" என்றால் நான் அதைப் புரிந்துகொண்டாக வேண்டும். அதனால்தான் செவிலியர் அங்கீகாரத்துக்கு பி2 நிலை (ஆறு படிகளில் நான்காவது) ஜெர்மன் கேட்கிறார்கள்.

வரப்போகிறவர்கள் தயவுசெய்து "இங்கிலீஷ் போதும்" என்று சொல்லும் முகவர்களை நம்பாதீர்கள்.

புதுக்குடி (பெர்லின்)

பெர்லினில் ஆங்கிலமே போதும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். 2017இல் யென்ஸ் ஷ்பான் என்ற அரசியல்வாதி, பெர்லினில் சில உணவகங்களில் பரிமாறுபவர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசுவது எரிச்சலூட்டுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த அளவுக்கு இங்கே ஆங்கிலம்.

சொல்தேடி (பெர்லின்)

புதுக்குடி, உணவகத்துக்குப் போதும். விசா நீட்டிக்கப் போகும்போது? நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்கிறது: அலுவல் மொழி ஜெர்மன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருக்கலாம், இரக்கப்பட்டுப் பேசவும் செய்வார். ஆனால் கையில் கொடுக்கும் கடிதம் ஜெர்மனில்தான் இருக்கும். அதில் ஒரு வார்த்தை தவறாக விளங்கினால் பொறுப்பு உங்களுடையது. நீங்களே உங்களுக்காகவாவது வாரத்துக்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நெக்கர்க்கரை (ஸ்டுட்கார்ட்)

இந்த இழையில் எழுதியதை எல்லாம் வைத்துக்கொண்டு நேற்று மதியம் சக ஊழியரிடமே நேராகக் கேட்டுவிட்டேன், அந்த 'மஸ்ட் நாட்' எழுதியவரிடம். அவர் சொன்னது இது: "ஆங்கிலத்தில் எனக்கு வேலை தெரியும். என் அம்மா உடம்பு சரியில்லாமல் இருப்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாது. காபி குடிக்கும்போது அந்தப் பேச்சுதான் வரும்."

இன்னொன்றும் சொன்னார். ஆங்கிலத்தில் எல்லோரையும் முதல் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அதே ஆளிடம் ஜெர்மனுக்கு மாறினால் 'ட்டூ' என்று நீ போடுவதா, 'ஸீ' என்று நீங்கள் போடுவதா? எதிர் அறையில் இருக்கும் அதிகாரியை அவர் பதினான்கு வருடமாக 'ஸீ' போட்டு, குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். நான் அறைக்குள் வந்தால் பேச்சு ஆங்கிலமாகி அதே அதிகாரியை முதல் பெயரில் கூப்பிட வேண்டியிருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் அவருக்குச் சங்கடமாம். இவ்வளவு நாள் என்னை ஒதுக்குகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இதுதான். அடுத்த வாரத்திலிருந்து காபி நேரத்தில் என்னிடம் ஜெர்மனிலேயே மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார்.

ரூர்வாசி (டோர்ட்முண்ட்)

நல்லது தம்பி. பிழை விட்டுக் கதையுங்கள். அவர்கள் திருத்தினால் அது உங்களில் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லைப்சிக் லதா

மேல்மாடி அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. அவருடைய மகன் அயர்லாந்தில் வேலை பார்க்கிறார், அங்கேயே கல்யாணம், பேரனுக்கு இப்போது நான்கு வயது. அவனுக்கு ஆங்கிலம்தான் முதலில் வாயில் வருகிறது. அதனால் அம்மா போன மாதம் ஊர் மாலை வகுப்பில், அதாவது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில், ஆங்கிலம் சேர்ந்துவிட்டார். செவ்வாய்தோறும் வகுப்பு. வகுப்பு முடிந்து என் வீட்டுக்கு வருவார். அரை மணி நேரம் அவருக்கு நான் ஆங்கிலம், அரை மணி நேரம் எனக்கு அவர் ஜெர்மன். 'டாக்' என்ற சொல்லைக் கடைசி எழுத்தை இறுக்காமல் சொல்ல இன்னும் பாடுபடுகிறார், பேரன் நாய் வளர்க்கிறான், அதனால் அந்தச் சொல் அவருக்கு முக்கியம்.

நேற்று நெக்கர்க்கரையின் 'மஸ்ட் நாட்' கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பாவம் அந்தப் பையன், இரண்டு நாள் தூங்கியிருக்கமாட்டான்" என்றார். பையிலிருந்து கொப்பியை எடுத்தார். ரூர்வாசி ஐயா சொன்ன அதே மாதிரிக் கொப்பி. அளவுகோல் வைத்து நடுவில் கோடு போட்டு, 'கூடாது' என்பதற்கும் 'அவசியமில்லை' என்பதற்கும் இடப்பக்கம் இரண்டு ஆங்கில வரி, வலப்பக்கம் இரண்டு ஜெர்மன் வரி எழுதினார். அப்புறம் வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கேளுங்கள் என்றார்.